லூப் நாள்: அமேசானில் டிசைனர் வேலைக்கான நேர்முகத் தேர்வு

பெரிய டெக் நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனால் எதிரே உட்கார்ந்து பேசுபவர் பெரும்பாலும் ஒருவர்தான். ஆனால் உங்களை எடுப்பதா வேண்டாமா என்று முடிவாகும்போது இன்னும் பலர் இருப்பார்கள். நீங்கள் அவரிடம் சொன்னதை அவர்கள் காதால் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் எழுதிவைத்த குறிப்பைத்தான் படித்திருப்பார்கள். கூகுளில் இந்தக் குறிப்புகள் ஒரு தேர்வுக் குழுவுக்குப் போகும். அமேசானில் உங்களிடம் பேசியவர்களே கூடி முடிவெடுக்கிறார்கள் என்றாலும், கூடுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் எடுக்கலாமா கூடாதா என்பதைக் காரணத்தோடு எழுதிவிட வேண்டும். தன் குறிப்பை முடிக்காதவர் மற்றவர் குறிப்பைத் திறந்து பார்க்க முடியாது.

டிசைனர்கள் இதை எளிதில் மறந்துவிடுகிறோம். நம் வேலை கண்ணுக்குத் தெரியும் வேலை, காட்டினாலே போதும் என்று நினைக்கிறோம். நீங்கள் காட்டிய அழகான திரை அந்தக் குறிப்பில் ஏறாது. ஏன் அப்படிச் செய்தீர்கள், எதைக் கைவிட்டீர்கள், அதனால் என்ன மாறியது என்று நீங்கள் சொன்னவைதான் ஏறும். கேட்பவர் அப்படியே எழுதிக்கொள்ளக்கூடிய பதில்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் தயாரிப்பு எல்லாம் அதற்காகத்தான்.

அமேசானை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அவர்களுடைய முறை வெளியில் நன்றாகத் தெரிந்த ஒன்று. அவர்களுடைய வேலைவாய்ப்புத் தளத்திலேயே எப்படித் தயாராவது என்று போட்டிருக்கிறார்கள். அங்கே பல ஆண்டுகள் பொறுப்பில் இருந்த காலின் பிரையர், பில் கார் இருவரும் 2021-இல் வெளியிட்ட ‘வொர்க்கிங் பேக்வேர்ட்ஸ்’ நூலில் ஆள் எடுக்கும் முறைக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் மூன்று ஊர்களிலும் அவர்களுக்கு அலுவலகம் இருப்பதால் நம் ஊர் டிசைனர்கள் பலருக்கும் இது பயன்படும்.

யார் யார் பேசுவார்கள்

முதலில் ரெக்ரூட்டர் அழைப்பார். அதைத் தாண்டினால் மூத்த டிசைனரோ ஹயரிங் மேனேஜரோ வீடியோவில் உங்கள் போர்ட்ஃபோலியோவை ஒரு முறை பார்ப்பார். அதன் பிறகுதான் ‘லூப்’ என்று அவர்கள் சொல்லும் முழுச் சுற்று. பெரும்பாலும் ஒரே நாளில், சில சமயம் இரண்டு நாட்களில், ஐந்தாறு அமர்வுகள். முதல் அமர்வில் எல்லோர் முன்னிலையிலும் போர்ட்ஃபோலியோவை விளக்க வேண்டும். கேள்விகள் உட்பட சுமார் ஒரு மணி நேரம். அடுத்து ஒவ்வொருவராகத் தனித்தனியே பேசுவார்கள். அதில் ஒன்று வொயிட்போர்டு பயிற்சியாக இருக்கலாம். டீமுக்கு டீம் இது மாறும். என்னென்ன அமர்வுகள், யார் யார் வருகிறார்கள், வொயிட்போர்டு உண்டா என்று ரெக்ரூட்டரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். நீங்கள் தேறினால் அவருக்கும் வேலை முடிகிறது.

வருபவர்களில் ஒருவர் ‘பார் ரைசர்’. 1999-இல் அமேசான் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆள் தேவைப்படும் டீமைச் சேராத, இதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு லூப்பிலும் உட்காருவார். டீமுக்கு அவசரம் இருக்கும்; கிடைத்தவரை எடுத்துக்கொள்ளத் தோன்றும். பார் ரைசருக்கு அந்த அவசரம் கிடையாது. இப்போது இதே வேலையில் இருப்பவர்களில் பாதிப் பேரைவிட இவர் மேலா என்பதுதான் அவர் பார்ப்பது. ஹயரிங் மேனேஜர் விரும்பினாலும் பார் ரைசர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர் டிசைனராகவே இல்லாமலும் இருக்கலாம். அதனால் உங்கள் பதிலை ஒரு கணக்கு அதிகாரி கேட்டாலும் புரிய வேண்டும். ‘இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்சரை ரீஸ்ட்ரக்சர் செய்தேன்’ என்றால் அவர் என்ன எழுதுவார்? ‘மெனுவில் இருந்த பல பிரிவுகளை வாடிக்கையாளர் தேடும் வரிசைப்படி நாலாகக் குறைத்தேன்’ என்றால் எழுதிக்கொள்வார்.

எழுத்துக்கு அங்கே இவ்வளவு இடம் இருப்பது தற்செயல் இல்லை. 2004-இல் ஜெஃப் பெஸோஸ் உயர் நிர்வாகக் கூட்டங்களில் பவர்பாயின்டை நிறுத்திவிட்டார். அதற்குப் பதில் ஆறு பக்கத்துக்கு மிகாத கட்டுரை வந்தது. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் வாய் திறக்காமல் அதைப் படித்துவிட்டுத்தான் பேசுவார்கள். அப்படிப் பழகியவர்கள்தான் உங்களைக் கேள்வி கேட்கிறார்கள்.

பதினாறு கோட்பாடுகளும் உங்கள் கதைகளும்

அமேசானின் ‘லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸ்’ 16. நெடுநாள் 14 ஆக இருந்தவை. 2021-இல் இரண்டு சேர்ந்தன. தனித்தனியாகப் பேச வருபவர்கள் ஒவ்வொருவரும் இவற்றில் இரண்டு மூன்றைப் பங்கு போட்டுக்கொண்டு வருவார்கள். ‘நீங்கள் எப்போதாவது…’ என்று தொடங்கும் கேள்வி எல்லாம் இவற்றில் ஒன்றைத் தொடுவதற்காகத்தான். பதினாறையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம். அவர்கள் வார்த்தைகளையே உங்கள் வாயிலிருந்து கேட்டால் யாருக்கும் மகிழ்ச்சி வராது. உங்களிடம் பத்துப் பன்னிரண்டு சம்பவங்கள் இருந்தால் போதும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கோட்பாடுகளுக்குப் பொருந்தும்.

‘ஸ்டார்’ என்ற வடிவத்தை அவர்களே பரிந்துரைக்கிறார்கள்: சூழ்நிலை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன. இதில் பெரும்பாலோர் சூழ்நிலையிலேயே பாதி நேரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். கம்பெனி எப்போது தொடங்கியது, டீமில் எத்தனை பேர், முந்தைய டிசைனர் ஏன் போனார் என்றெல்லாம் போகும். சூழ்நிலைக்கு மூன்று வாக்கியம் கொடுங்கள். நீங்கள் செய்ததற்கு மீதி நேரம் முழுவதையும் கொடுங்கள். ‘நாங்கள் செய்தோம்’ என்று பேசுவது நம் வளர்ப்பில் வந்த பணிவு, நல்ல குணம்தான். ஆனால் டீமை வேலைக்கு எடுக்க முடியாது. எந்தப் பகுதி உங்களுடையது என்று சொல்லுங்கள், மற்றவர் செய்ததை அவர் பெயரில் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் தற்பெருமை ஆகாது.

டிசைனர்களுக்கு மிகவும் கடினமாக இருப்பது ‘ஹேவ் பேக்போன், டிஸக்ரீ அண்ட் கமிட்’. உடன்படவில்லை என்றால் தைரியமாகச் சொல், முடிவான பிறகு முழு மனதோடு செய் என்பது அதன் பொருள். மேலதிகாரியோடு முரண்பட்ட சம்பவம் ஒன்று சொல்லுங்கள் என்பார்கள். மேனேஜரை மறுத்துப் பேசினேன் என்று அந்நியரிடம் சொல்ல நம்மில் பலருக்கு நா எழாது. ‘அப்படி ஒன்றும் பெரிதாக நடந்ததில்லை’ என்று மழுப்பிவிடுவார்கள். அந்தப் பதில் குறிப்பில் வெற்றிடமாகத்தான் விழும். எனவே இந்த ஒரு கதையை முதலில் தயார் செய்யுங்கள். நீங்கள் ஜெயித்த கதையாக இருக்க வேண்டியதில்லை. மறுத்தீர்கள், ஆதாரம் காட்டினீர்கள், அவர்கள் கேட்கவில்லை, பிறகு அவர்கள் சொன்னதையே குறை வைக்காமல் செய்து முடித்தீர்கள் என்றாலும் அது முழுமையான பதில். கோட்பாட்டின் இரண்டாம் பாதி அதைத்தான் கேட்கிறது.

தோல்வியைப் பற்றியும் நிச்சயம் கேட்பார்கள். ‘நான் அதிகமாக உழைத்துவிடுகிறேன்’ வகைப் பதிலைத் தொடவே வேண்டாம். வாடிக்கையாளருக்கு உண்மையிலேயே இடைஞ்சல் ஏற்பட்ட ஒன்றைச் சொல்லி, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று முடியுங்கள்.

போர்ட்ஃபோலியோ

இரண்டு ப்ராஜெக்ட் போதும். ஆறு ப்ராஜெக்டைக் காட்டுபவர் ஆறையும் மேலோட்டமாகக் காட்டுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்போம். பேருந்து டிக்கெட் செயலியில் இருக்கை தேர்வுத் திரையை நீங்கள் மாற்றியமைத்ததாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக வரும் விளக்கம் இது: ‘பயனர் ஆய்வு செய்தோம். பெர்சோனா உருவாக்கினோம். வயர்ஃப்ரேம் போட்டோம். டெஸ்ட் செய்தோம். கடைசியில் இந்தத் திரை வந்தது.’ இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த ஐந்து வாக்கியத்தை எந்தச் செயலிக்கும், எந்த டிசைனரும் சொல்லிவிட முடியும். கேட்பவர் உங்களைப் பற்றி எழுத இதில் ஒன்றுமே இல்லை.

இதே வேலையை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘கஸ்டமர் சப்போர்ட்டுக்கு வந்த அழைப்புகளை உட்கார்ந்து கேட்டேன். தனியாகப் போகும் பெண்கள் பக்கத்து இருக்கையில் யார் என்று தெரியாமல் பணம் கட்டத் தயங்குகிறார்கள் என்பது அதில் தெரிந்தது. பெண்கள் பதிவு செய்த இருக்கையை இளஞ்சிவப்பில் காட்டலாம் என்றார் ப்ராடக்ட் மேனேஜர். நான் இரண்டு காரணத்துக்காக மறுத்தேன். ஒன்று, தனியாக வரும் பெண் எந்த இருக்கையில் இருக்கிறாள் என்று அந்தப் பேருந்தைத் திறந்து பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இன்னொன்று, நிறத்தை மட்டும் நம்பினால் நிறக்குருடு உள்ளவர்களுக்குப் பயனில்லை. அதற்குப் பதிலாக, தேடும்போதே பயணி பெண் என்று குறித்தால் மட்டும் “அருகில் பெண் பயணி” என்று எழுத்தில் காட்டலாம் என்றேன். மற்றவர்களுக்கு அந்த அடுத்த இருக்கை காலியில்லை என்றே தெரியும். இதனால் சில இருக்கைகள் விற்காமல் போகும் என்று ஆபரேட்டர்கள் ஆட்சேபித்தார்கள். பேருந்து கிளம்பச் சில மணி நேரம் இருக்கும்போது மட்டும் அந்தத் தடையைத் தளர்த்துவது என்று சமரசத்துக்கு வந்தோம்.’

இப்போது கேட்பவரின் குறிப்பில் எத்தனை விஷயங்கள் ஏறும் என்று பாருங்கள். பயனரின் பேச்சை நேரடியாகக் கேட்டிருக்கிறார். ப்ராடக்ட் மேனேஜரை மறுத்திருக்கிறார், காரணத்தோடு. பாதுகாப்பையும் எல்லோருக்கும் பயன்படும் தன்மையையும் யோசித்திருக்கிறார். வியாபார நஷ்டத்தை மறைக்கவில்லை. இத்தனைக்கும் நாம் இன்னும் ஒரு திரையைக்கூடக் காட்டவில்லை. திரையை இதற்குப் பிறகு காட்டுங்கள். அதற்கு முன் கைவிட்ட இளஞ்சிவப்பு வடிவத்தையும் பக்கத்தில் வையுங்கள். கைவிட்டவற்றைக் காட்டும் டிசைனர்கள் குறைவு. என் மதிப்பில், முடித்த திரையைவிடக் கைவிட்ட வடிவம்தான் உங்களை அதிகம் காட்டிக்கொடுக்கும், நல்ல விதமாக.

விளைவை எண்ணில் சொல்ல வேண்டும். இருக்கைத் திரையில் பாதியில் விட்டுப்போனவர்கள் எத்தனை சதவீதத்திலிருந்து எத்தனைக்குக் குறைந்தார்கள் என்பது போல. எண்ணை இட்டுக்கட்டாதீர்கள், ‘எப்படி அளந்தீர்கள், எவ்வளவு நாள், அந்தச் சமயத்தில் பண்டிகை எதுவும் வரவில்லையா’ என்று மூன்று கேள்வி தொடர்ந்து வரும், மூன்றாவதில் கட்டுக்கதை உடைந்துவிடும். சிறிய ஏஜென்சியில் வேலை பார்த்தவர்களுக்கு எண்ணே கிடைத்திருக்காது. வடிவமைத்துக் கொடுத்ததோடு சரி, பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை. அது உங்கள் குற்றம் இல்லை. அப்போது எதை அளந்திருப்பீர்கள் என்று சொல்லுங்கள். கூகுள் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ‘ஹார்ட்’ சட்டகம் இதற்கு உதவும்: பயனரின் திருப்தி, ஈடுபாடு, புதிதாக எத்தனை பேர் பயன்படுத்தத் தொடங்கினார்கள், எத்தனை பேர் தொடர்கிறார்கள், வந்த வேலையை முடித்தார்களா. கடைசியாகச் சொன்னதை நீங்களே அளந்துவிடலாம். பழைய திரையையும் புதிய திரையையும் தெரிந்தவர்கள் ஐந்து பேர் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். லூப்புக்கு முந்தைய வாரத்தில்கூட இதைச் செய்ய முடியும். அதைச் செய்ததை மறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.

இப்போதைய கம்பெனியின் இன்னும் வெளிவராத வேலையைக் காட்டாதீர்கள். ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தை (என்டிஏ) மீறிக் காட்டுபவர் நாளை எங்களுடையதையும் வெளியே காட்டுவார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

வொயிட்போர்டு

நேரில் என்றால் பலகையும் மார்க்கரும். வீடியோவில் என்றால் ஃபிக்ஜாம் போன்ற ஒன்று. கேள்வி வேண்டுமென்றே பரந்ததாக இருக்கும். இப்படி ஒன்று வந்ததாக வைத்துக்கொள்வோம்: ‘வெளியூரில் இருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் மருந்து வாங்கி அனுப்ப ஒரு வசதி வடிவமையுங்கள்.’

கேட்டதும் திரை வரையத் தொடங்கிவிடாதீர்கள். கையில் 45 நிமிடம் இருந்தால் முதல் பத்து நிமிடத்தைக் கேள்வி கேட்பதற்கு ஒதுக்குங்கள், கேட்டதைப் பலகையில் எழுதுங்கள். பணம் கட்டுபவர் ஒருவர், மருந்து சாப்பிடுபவர் இன்னொருவர், யாருக்காக வடிவமைக்கிறோம்? மருந்துச் சீட்டு யார் கையில் இருக்கிறது? டெலிவரிக்கு வரும் ஓடிபி மகனுடைய போனுக்கு வந்தால் வாசலில் நிற்கும் அப்பா என்ன செய்வார்? இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போதே நீங்கள் வேறு தரத்துக்குப் போய்விடுவீர்கள். அது கற்பனைப் பயனரைப் பற்றிய கேள்வி இல்லை. வீட்டில் நடப்பதைப் பார்த்தவர் கேட்பது.

பிறகு சுருக்குங்கள். ‘இதில் பல பிரச்சினைகள் இருக்கின்றன. மருந்து தீர்ந்துபோவதற்கு முன் அடுத்தது வீட்டுக்கு வந்து சேருவதை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாள் தவறினாலும் உடம்புக்குக் கேடு என்பதால்’ என்று காரணத்தோடு சொல்லுங்கள். ஒரு மாத்திரை அட்டையில் பத்து அல்லது பதினைந்து. தினம் இரண்டு என்றால் எப்போது தீரும் என்று செயலியே கணக்குப் போடலாம். ஆனால் டாக்டர் நடுவில் அளவை மாற்றிவிட்டால்? அந்த இடத்தில் தானாகவே அனுப்பிவிடுவதா, கேட்டுவிட்டு அனுப்புவதா? மருந்து விஷயம், கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். யாரைக் கேட்பது, மகனையா அம்மாவையா? இப்படி ஒரு முடிச்சை எடுத்து அவிழ்த்துக்காட்டினால் மூன்று சாதாரணக் கோட்டுப் படங்கள் போதும். முடிச்சே இல்லாத பன்னிரண்டு திரைகளால் பயன் இல்லை.

எந்த முடிவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், எதை முடியாது என்று பிரித்துப் பேசுவதும் நல்லது. 2015-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் பெஸோஸ் இதைத் திரும்பி வர முடியாத கதவு, திரும்பி வரக்கூடிய கதவு என்று விளக்கினார். அந்தப் பேச்சு அங்கே இன்றும் புழங்குகிறது. நினைவூட்டல் எந்த நேரத்தில் வரவேண்டும் என்பதை நாளை மாற்றலாம்; அதற்கு ஆய்வு வேண்டாம், வெளியிட்டுப் பார்த்துவிடலாம். பெற்றோரின் நோய் விவரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால் திரும்பப் பெற முடியாது. அங்கே நிதானம் வேண்டும்.

மொழியைப் பற்றி நீங்களே பேச்செடுக்கலாம். அமேசான் இந்தியாவின் தளம் 2018-இல் இந்தியிலும், 2020 செப்டம்பரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் வந்தது. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் அடங்கும் பொத்தான் தமிழில் இரண்டு வரிக்குப் போகும்; மேலும் கீழும் நீளும் எழுத்துகள் வெட்டுப்படாமல் இருக்க வரி உயரமும் கூட வேண்டும். அம்மா பார்க்கும் திரை தமிழில் இருக்கும் என்று சொல்லி, பொத்தானை அகலமாக வரைந்துவிட்டுப் போங்கள். இரண்டு மொழியிலும் வாழ்ந்து பார்த்த டிசைனருக்கு மட்டும் தோன்றும் விஷயம் அது. நீங்கள் சொல்லாவிட்டால் அந்தப் பலகையில் அதை எழுத ஆள் இருக்காது.

பேசும்போது

வீடியோவில் பேசினால் எதிர்ப்பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் இடைவிடாமல் கேட்கும். அவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டிருப்பார். அக்கறையில்லை என்று நினைத்துச் சோர்ந்துவிடாதீர்கள். நீங்கள் சொல்வதைத்தான் தட்டுகிறார். சத்தம் வேகமாக வந்தால் சற்று நிறுத்துங்கள், அவர் முடிக்கட்டும். சத்தமே வரவில்லை என்றால் எழுதும்படி எதுவும் சொல்லவில்லை என்று பொருள். உடனே குறிப்பான ஒன்றுக்கு வாருங்கள், ஒரு எண்ணோ, ஒரு முடிவோ, அதற்கான காரணமோ.

ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் இந்த முறையில் பின்தங்குவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். சிறிய வாக்கியம் எழுதிக்கொள்ள எளிது. கதைகளை முதலில் தமிழில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். தமிழில் தெளிவாக வராத கதை ஆங்கிலத்தில் வரவே வராது. தமிழில் தெளிவானபின் ஆங்கிலத்தில் சுருக்கமாகத்தான் வரும். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். ஒரு நிமிடம் யோசித்துக்கொள்கிறேன் என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை. ஒரே கதையை இரண்டு பேரிடம் சொல்ல நேர்ந்தால், இதை இன்னொருவரிடமும் சொல்லியிருக்கிறேன் என்று தெரிவித்துவிட்டு வேறு கோணத்தில் சொல்லுங்கள். அமர்வுகளுக்கு நடுவில் தண்ணீர் குடிக்க, எழுந்து நடக்க ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரப் பேச்சு உடலையும் சாய்த்துவிடும். கடைசி அமர்வில் இருப்பவர்தான் பார் ரைசர் என்றால் அவருக்கு உங்கள் சோர்வு மட்டுமே கிடைக்கும்.

முடிந்த பிறகு

லூப் முடிந்து ஐந்து வேலை நாட்களில் பதில் சொல்வதாக அமேசான் சொல்கிறது. அதற்கு மேல் போனால் ரெக்ரூட்டருக்கு ஒரு வரி எழுதுங்கள். இல்லை என்று பதில் வந்தால் காரணம் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். சில சமயம் காரணம் உங்களிடம் இருக்கவே இருக்காது: 2023 ஜனவரியிலும் மார்ச்சிலும் மட்டும் அந்நிறுவனம் 27,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது, அது போன்ற காலத்தில் நன்றாகப் பேசியவர்களுக்கும் இடம் இருந்திருக்காது. எப்படியானாலும் அன்று மாலையே கேட்கப்பட்ட கேள்விகள் அத்தனையையும் எழுதிவைத்துவிடுங்கள். எந்தக் கேள்வியில் தடுமாறினீர்கள் என்பது மறுநாள் மங்கிவிடும்.

ஆஃபர் வந்தால் இரண்டைப் பாருங்கள். ஒன்று பங்கு. பல ஆண்டுகளாக அங்கே வழக்கம், நான்கு ஆண்டுப் பங்குகளில் முதல் ஆண்டு 5 சதவீதம், இரண்டாம் ஆண்டு 15, அடுத்த இரண்டு ஆண்டுகளில் 40, 40. முதல் இரண்டு ஆண்டுக் குறையைச் சேரும்போது தரும் போனஸால் ஈடுகட்டுவார்கள். மொத்தத் தொகையை நாலால் வகுத்து ஆண்டு வருமானம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்டுவாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று லெவல். சீனியர் டிசைனர் இடத்துக்குப் பேசிவிட்டு அதற்கு ஒரு படி கீழே ஆஃபர் வருவது உண்டு. பதவிப் பெயர் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும், சம்பள வரம்பும் அடுத்த உயர்வும் வேறு. எந்த லெவலுக்கு என்னைப் பார்த்தீர்கள், எந்த லெவலில் முடிவு செய்தீர்கள், ஏன் என்று ரெக்ரூட்டரிடம் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் கேட்டால்தான் பேரம் பேச இடம் இருக்கும்.